ஈச்சங்கொட்டாயில் நிற்காது

இந்தியாவில் போக்குவரத்தைப் பற்றி முழுக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் ராஜாமணி. வயது ஐம்பத்தெட்டு. பாப்பாரப்பட்டியில் மாடி வீடு, பாலக்கோடு வரைக்கும் போய்வரும் ஒரு பஸ். இந்தச் செய்தியை ஊருக்கு அறிவித்தவரும் அவரேதான். ஒரு காதுகுத்து விருந்தில், பாட்டுப் போடுகிறவரிடமிருந்து மைக்கை வாங்கி, சிரிக்காமல் சொன்னார்.

"பஸ்ஸு ஓட்டறது படிச்சு வர்றதில்லீங்க. இருபத்தாறு வருசமா இந்த ரோட்டுல எந்த மரத்தடியில எத்தினி பேரு நிப்பாங்கன்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவேன். யுனிவர்சிட்டிக்காரங்க வேணும்னா என்கிட்ட வந்து படிச்சிட்டுப் போவட்டும்."

கை தட்டினார்கள். பிரியாணி இன்னும் பரிமாறியிருக்கவில்லை.

அந்த மகானின் தம்பி மகள்தான் நம் பாரதி. போன வாரம் அவளை ஈச்சங்கொட்டாய்ச் சிறுபாலத்தின் கட்டைமேல், அந்த வழியே நடந்து போகிறவர்களை எண்ண, மடியில் கணக்கெடுப்புத் தாளோடு உட்கார வைத்துவிட்டு வந்தோம். பொண்ணை வெயிலில் விட்டுவிட்டீர்களே என்று கோபித்துக்கொண்டவர்களுக்கு: எழுந்துவிட்டாள். மூன்று நாள் முடிந்தது. முகம் கறுத்தது. தாள் நிறைந்தது.

கோபம் மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு வயது இரண்டு.

இரண்டு வருடத்துக்கு முன், பஸ்ஸை நிறுத்த ஒரு ஷெட் போடவேண்டும் என்று ராஜாமணி தன் தம்பியிடம், பாரதியின் அப்பா அர்ச்சுனனிடம், ஈச்சங்கொட்டாய் ரோட்டோரம் ஐந்து சென்ட் கேட்டார். அங்கே தக்காளி நட்டிருந்த அர்ச்சுனன் தரவில்லை. மறுநாள் பஸ்ஸின் முன்கண்ணாடிக்குள் ஒரு தகரப் பலகை ஏறியது. சிவப்புப் பெயின்ட்டில் 'ஈச்சங்கொட்டாயில் நிற்காது.' அண்ணன் தம்பிச் சண்டையில் பேச்சு நின்றுபோவது எல்லா வீட்டிலும் உண்டு. நூற்றிருபது வீட்டுக்கு பஸ் இல்லாமல் போனது இங்கேதான்.

அந்த மாதமே பாரதி இன்ஜினியரிங் சேர்க்கைக்காகச் சேலத்துக்குப் போகவேண்டியிருந்தது. பத்து மணிக்குச் சான்றிதழோடு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். ஃபைலை அணைத்துக்கொண்டு கை காட்டினாள். பஸ் நிற்கவில்லை. முன் ஸீட்டில் இருந்த பெரியப்பா அவளைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் நடந்து, ஏறி, மாறி ஏறிப் போய்ச் சேர்ந்தபோது அவள் இடத்தில் வேறொருத்தி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

போன ஐப்பசி மழையில் அம்மா சுகுணாவின் முறை. தலையில் தக்காளிக் கூடையோடு மெயின் ரோட்டுக்கு இரண்டரை கிலோமீட்டர் நடக்கையில் வழுக்கி விழுந்தாள். முழங்காலுக்குள் இப்போது ஒரு பிளேட் இருக்கிறது. அர்ச்சுனன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். தக்காளி இந்த வருடம் நடவில்லை.

பாரதிக்குக் கடைசியில் சேலத்துக்கு அப்பால் ஒரு பல்கலைக்கழகத்தில் கணிதம் கிடைத்தது. கூடவே ஒரு துணைப் பாடம் எடுக்கவேண்டும் என்றார்கள். பட்டியலில் இசை இருந்தது, யோகா இருந்தது, உணவுப் பதப்படுத்தல் இருந்தது. பதினோராவதாகப் போக்குவரத்து இருந்தது. எதையாவது தேர்ந்தெடுத்துச் சொல்லவேண்டிய நாளுக்கு முந்தின நாள்தான் தொப்பூர்க் கணவாயில் ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்து, மூன்று மணி நேரம் பஸ்ஸுக்குள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியை அடைப்பவனைப் பற்றி நிதானமாக யோசிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. இறங்கும்போது முடிவு செய்திருந்தாள்.

விநோதமான பாடம். ஒரு பேப்பரைப் புவியியல் துறை நடத்தியது, ஒன்றைப் பொருளாதாரம், ஒன்றைச் சமூகவியல், ஒன்றை சிவில் இன்ஜினியரிங்காரர்கள், ஒன்றைச் சட்டம் படித்த ஒரு மேடம். ஐந்து துறை சேர்ந்து ஒரு பஸ்ஸை ஆராய்ந்தார்கள். யாருக்கும் ஓட்டத் தெரியாது. மற்ற மாணவர்கள் மதிப்பெண்ணுக்குப் படித்தார்கள். பாரதி பெரியப்பாவுக்காகப் படித்தாள். எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று கணிதம் சொல்லும். எங்கே என்று புவியியல் சொல்லும். ஏன் என்று சமூகவியல் கேட்கும். பர்மிட்டை எப்போது புதுப்பிக்கவேண்டும், யார் ஆட்சேபிக்கலாம் என்று சட்டம் சொல்லும். பழிவாங்கல் ஒரே துறைக்குள் அடங்குகிற விஷயமில்லை என்பது அவளுக்கு இரண்டாம் செமஸ்டரிலேயே விளங்கிவிட்டது.

பர்மிட் புதுப்பிக்கும் வருடம் இதுதான். ஆட்சேபம் கொடுத்துவிட்டாள். விசாரணை புதன்கிழமை பதினோரு மணிக்கு, தர்மபுரியில். அங்கே பெரியப்பாவின் பர்மிட் போகவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

புதன் காலை, சுகுணா ஸ்டூலில் உட்கார்ந்தபடி களி கிண்டிக்கொண்டிருந்தாள். முழங்கால் மடங்காததால் இப்போது சமையலே ஸ்டூலில்தான். பாரதி தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பதினேழ அழிச்சிட்டியா?" என்றாள் சுகுணா.

"இல்ல."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு பெரியம்மாவுக்கு வாக்குக் குடுத்த."

"சொல்ல மாட்டேன்னுதான் குடுத்தேன். எழுத மாட்டேன்னு குடுக்கல."

பதினேழு என்பது கணக்கெடுப்புத் தாளில் பதினேழாவது வரி. அந்த வரியில் இருப்பவள் கோவிந்தம்மாள், ராஜாமணியின் மனைவி. செவ்வாயும் வெள்ளியும் அவர் பஸ்ஸோடு கிளம்பிப் போனதும், ஒயர்கூடையில் எண்ணெய்ப் பாட்டிலை வைத்துக்கொண்டு அரசு பஸ் ஏறுவாள். மெயின் ரோட்டில் இறங்கி, இரண்டரை கிலோமீட்டர் நடந்து ஈச்சங்கொட்டாய்க்கு வந்து, சுகுணாவின் முழங்காலை உருவிவிட்டு, அவர் சாப்பாட்டுக்கு வருவதற்குள் திரும்பிவிடுவாள். விபத்து நடந்த வாரத்திலிருந்து இப்படித்தான். ஏன் நடந்து வருகிறீர்கள் என்று பாரதியோடு வந்திருந்த சமூகவியல் தோழி படிவத்தைப் பார்த்துக் கேட்டபோது, கோவிந்தம்மாள் கேள்வியை மதித்துப் பதில் சொன்னாள்: எங்க வூட்டு பஸ்ஸு இங்க நிக்காதும்மா.

அந்த பஸ்ஸின் பெயர் 'கோவிந்தம்மாள்.' நெற்றியில் மஞ்சள் எழுத்தில், இரண்டு பக்கமும் தாமரைப் பூவோடு.

சுகுணா களித் துடுப்பைக் கீழே வைத்தாள். "எனக்கு பஸ்ஸு நின்னா போதும் பாரதி. உனக்கு அவரு பஸ்ஸே ஓடக்கூடாது. இல்ல?"

"ஆமா," என்றாள் பாரதி.

சுகுணா மறுபடி துடுப்பை எடுத்துக் களியைக் கிண்டினாள்.

விசாரணை அறையில் ராஜாமணி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஒரு ஃபைலோடு வந்திருந்தார். ஃபைலுக்குள் ஆயுத பூஜையன்று பஸ்ஸுக்கு மாலை போட்டு எடுத்த போட்டோ ஒன்று இருந்தது. மற்ற விவரமெல்லாம் தலைக்குள் இருப்பதாக அவர் வாசலிலேயே நாலு பேரிடம் சொல்லியிருந்தார். பின்னால் கண்டக்டர் குமார், முதலாளி என்ன சொன்னாலும் தலையாட்டத் தயாராக நின்றான். அதே தடத்துக்கு விண்ணப்பித்திருந்த இன்னொரு பஸ்காரர் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துத்தான் ராஜாமணிக்குக் கொஞ்சம் வியர்த்தது.

அதிகாரி வெங்கடாசலம் மெதுவாகப் பேசுகிறவர். ஈச்சங்கொட்டாயில் ஏன் நிற்பதில்லை என்று கேட்டார். அங்கே நின்றால் நாலு நிமிஷம் போகிறது, தக்காளி மார்க்கெட்டுக்குப் போகிற ஜனங்கள் பாதிக்கப்படுகிறார்கள் என்றார் ராஜாமணி. எத்தனை பேர் அங்கே ஏறுவார்கள் என்று அடுத்த கேள்வி.

"நாலு பேரு சார். அதுல ரெண்டு பேரு என் தம்பி வூடு."

குமார் தலையாட்டினான்.

பாரதி எழுந்தாள். ஒரே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல், தாளைப் பார்த்துப் படித்தாள். செவ்வாய்க்கிழமை காலை ஆறிலிருந்து பத்துக்குள் அந்த வழியே நடந்தவர்கள் அறுபத்து மூன்று பேர். அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பத்தொன்பது. தலையில் சுமையோடு இருபத்திரண்டு. அடுத்த நிறுத்தத்தில் இதே பஸ் நின்று, ஆள் ஏற்றி, கிளம்ப எடுத்துக்கொள்ளும் நேரம், இருபது முறை அளந்ததில், சராசரி முப்பத்தெட்டு நொடி. பாலக்கோட்டுக்கு முன்னால் டீக்கடையில் டிரைவருக்காக நிற்கும் நேரம் ஒன்பது நிமிஷம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

கணக்கெடுப்பின் இரண்டாம் நாள், இரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்த பஸ் ஈச்சங்கொட்டாயில் வேகம் குறைத்தது. ராஜாமணி ஜன்னலில் தலையை நீட்டி, தாளைப் பார்த்து, நாலு கோடு நேரா அஞ்சாவது குறுக்கே, இதுக்கா பாப்பா யுனிவர்சிட்டி, ஒண்ணாங்கிளாஸ்லயே போட்டுட்டமே என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. பாரதி அப்போது தலை நிமிரவில்லை. எழுதிக்கொண்டிருந்தாள். எழுதியதை இப்போது படித்தாள்.

"எட்டு நாற்பது. பஸ் வேகம் குறைந்தது. எடுத்துக்கொண்ட நேரம் இருபத்திரண்டு நொடி. காரணம், நக்கல். நிறுத்தத்துக்குத் தேவையானதைவிடப் பதினாறு நொடிதான் குறைவு."

அறையில் சிரிப்பு எழுந்தது. குமார் பழக்கத்தில் தலையாட்டிவிட்டான்.

வெங்கடாசலம் சிரிப்பை அடக்கிக்கொண்டு ராஜாமணியைப் பார்த்தார். மற்ற நிறுத்தங்களில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், காலையில் எத்தனை, மாலையில் எத்தனை, சொல்லுங்கள் என்றார்.

ராஜாமணி கண்ணை மூடினார். நிஜமாகவே மூடினார். மின்விசிறி சுற்றியது. ஜன்னலோரப் பஸ்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ராஜாமணியின் உதடு அசைந்தது, விரல் ஒன்று இரண்டு முறை மடங்கியது, பிறகு நின்றது.

"நெறைய பேரு சார்," என்றார்.

அதிகாரி பேனாவை எடுத்தார். இவர் இங்கே நிற்கவேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டால் உங்கள் ஆட்சேபம் தீர்ந்ததா என்று பாரதியைக் கேட்டார். பலகை இன்றைக்கே இறங்கிவிடும். நாளைக்குக் காலையில் பஸ் நிற்கும்.

அம்மா கேட்டது அதுதான். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் முடிந்தது. பெரியப்பாவும் அதைத்தான் எதிர்பார்த்தார். முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. பழைய ஆளாகிக் கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

அந்தக் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"இன்னும் ஒரு வரி இருக்கு சார்," என்றாள் பாரதி. "வரிசை எண் பதினேழு. பெண். வயது ஐம்பத்திரண்டு. செவ்வாயும் வெள்ளியும் அரசு பஸ்ஸில் வந்து, மெயின் ரோட்டில் இறங்கி, இரண்டரை கிலோமீட்டர் நடக்கிறார். குறிப்பு: நிற்காத பஸ்ஸின் நெற்றியில் இருப்பது இவருடைய பெயர்."

முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஜன்னலோரப் பஸ்காரர் சிரித்தார். பிறகு எல்லாரும்.

ராஜாமணி குமாரைத் திரும்பிப் பார்த்தார். இந்த முறை குமார் தலையாட்டவில்லை. தரையைப் பார்த்தான். அதிலிருந்து அவருக்குத் தெரிந்தது, இது பஸ்ஸுக்கே தெரியும் என்று.

வெங்கடாசலம் உத்தரவை மாற்றிச் சொன்னார். தன் பயணிகளைத் தெரியாதவருக்குத் தடத்தை எப்படிக் கொடுப்பது என்று பார்க்கவேண்டும். பத்து நாள் அவகாசம். ஈச்சங்கொட்டாய் உட்பட ஒவ்வொரு நிறுத்தத்திலும் உரிமையாளரே நின்று கணக்கெடுத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் தடம் அடுத்த விண்ணப்பதாரருக்குப் போகும். அதுவரை பஸ் இப்போதுள்ளபடி ஓடலாம்.

"படிவம் வேணும்னா அந்தப் பொண்ணுகிட்ட வாங்கிக்குங்க," என்றார் எழுந்துகொண்டே.

மாடிப்படியில் பாரதி காத்திருந்தாள். ராஜாமணி இறங்கி வந்ததும் வெற்றுப் படிவம் ஒன்றை நீட்டினாள். மரியாதையாக, இரண்டு கையாலும். அவர் வாங்கவில்லை.

"என்னைச் சொன்ன, செரி. அவளை எதுக்கு இழுத்த?"

இரண்டு வருடமாக அவள் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். நீளமானவை. எதுவும் தேவைப்படவில்லை.

"நான் பேரே சொல்லலீங்க பெரியப்பா. பஸ்ஸுலதான் எழுதியிருக்குது."

அவர் கீழே இறங்கிப் போனார். கடைசிப் படியில் செருப்பு ஒன்று கழன்றது, குனிந்து மாட்டிக்கொண்டார், திரும்பிப் பார்க்கவில்லை. பாரதி அந்தக் காட்சியை முழுவதுமாகப் பார்த்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். நன்றாகத்தான் இருந்தது. இதை நாம் மறைக்கவேண்டியதில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து பெரியம்மாவுக்கு ஃபோன் போட்டாள். எடுக்கவில்லை. மெயின் ரோட்டில் இறங்கியதும் போட்டாள். எடுக்கவில்லை. வீட்டு வாசலில் போட்டபோது ஸ்விட்ச் ஆஃப்.

உள்ளே சுகுணா ஒரே கேள்விதான் கேட்டாள்.

"பதினேழ படிச்சியா?"

பாரதி செருப்பைக் கழற்றிக்கொண்டே இருந்தாள். செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் ஆகாது. சுகுணா தட்டைத் தரையில் வைத்து, களியைப் போட்டு, குழம்பை ஊற்றி, அவள் பக்கமாகத் தள்ளினாள்.

வியாழன் காலை ஆறரை மணிக்கு, ஹாஸ்டலுக்குத் திரும்பப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளி வந்த பாரதி, புளியமரத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

மரத்துக்குப் பின்னால் ஒரு மொபெட் ஒளித்து நிறுத்தியிருந்தது. சிறுபாலத்தின் கட்டைமேல், அவள் மூன்று நாள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். துண்டு நெற்றியைத் தாண்டிப் புருவம் வரைக்கும் இறங்கியிருந்தது. மடியில் கிழித்த நாள்காட்டித் தாள், பின்பக்கம் திருப்பி. கையில் பென்சில்.

பால்கேன் கட்டிய சைக்கிளோடு ஒருவர் போனார். ராஜாமணி ஒரு கோடு போட்டார். சாமந்திக் கூடையோடு ஒருத்தி போனாள். ஒரு கோடு. யூனிஃபாரத்தில் இரண்டு பிள்ளைகள் அவரை உற்றுப் பார்த்துவிட்டு, கொஞ்ச தூரம் போய்ச் சிரித்தார்கள். இரண்டு கோடு. நாலும் நேராக விழவில்லை. ஒவ்வொன்றுக்கும் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

பாரதி சத்தமில்லாமல் ஃபோனை எடுத்துப் படம் பிடித்தாள். வகுப்பு குரூப்பைத் திறந்தாள். 'பெரியப்பா ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்துட்டார்' என்று அடித்தாள்.

அப்போது வளைவில் பஸ் வந்தது. நெற்றியில் கோவிந்தம்மாள், தாமரைப் பூ. ராஜாமணி எழுந்து கையைத் தூக்கினார். டிரைவரிடம் எதையோ சொல்லவேண்டும் என்று நினைத்திருக்கவேண்டும். துண்டு கட்டிய யாரோ ஒரு பெரியவருக்காக நிற்கும்படி டிரைவருக்கு உத்தரவு இல்லை. உத்தரவு கண்ணாடியிலேயே இருந்தது, சிவப்புப் பெயின்ட்டில். பஸ் அவரைத் தாண்டிப் போனது. தூக்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

இதைவிட ஒருத்திக்கு என்ன வேண்டும். பாரதியின் கட்டைவிரல் அனுப்பும் பொத்தானுக்குப் போனது.

புழுதி அடங்கியது. மெயின் ரோட்டுப் பக்கமிருந்து ஒருத்தி நடந்து வந்தாள்.

கோவிந்தம்மாள். வியாழக்கிழமை அவள் வரும் நாளில்லை. கையில் ஒயர்கூடை இல்லை. திருப்பதிக்குப் போனபோது வாங்கிய பெரிய பை இருந்தது, ஜிப் போனதால் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அவர் விடியுமுன் எழுந்து வெளியே போனதும் அவள் கட்டியிருக்கவேண்டும். அவர் இங்கே இருப்பார் என்று அவளுக்கும் தெரிந்திருக்காது.

பாலத்தருகே நின்றாள். பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள். கட்டைமேல் இருப்பவரைப் பார்த்தாள், மடியிலிருந்த தாளைப் பார்த்தாள். அவரைத் தாண்டி, ஈச்சங்கொட்டாய் மண்பாதையில் இறங்கி நடந்தாள். புளியமரத்தடியில் நின்ற பாரதியைத் தாண்டும்போதும் முகம் திரும்பவில்லை.

பாரதியின் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

ராஜாமணி அவள் போன பாதையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பிறகு பென்சிலை நாக்கில் தொட்டு, நாலு கோட்டுக்கும் குறுக்கே ஐந்தாவதைப் போட்டார்.